ஓர் அட்டவணையின் பூர்வ கதை

பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கணப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில், மூன்று பத்திகளாகக் கோடு கிழித்து அகரவரிசைப்படி அச்சிட்டிருக்கும் அந்த அட்டவணையை, ஆங்கிலம் பயின்ற தமிழர் எவரும் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார். முதற்பத்தியில் வினைச்சொல், இரண்டாவதில் அதன் இறந்தகால ரூபம், மூன்றாவதில் ‘பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ என்று வழங்கும் இறந்தகால எச்சம் என நின்ற அவ்வரிசையை, ‘கோ, வென்ட், கான், கம், கேம், கம்’ என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ராகம் போட்டு ஒப்பித்த காலம் ஒன்று உண்டு. இக்காலத்துப் பிள்ளைகள் அப்பெயர்களைச் சுருக்கி ‘வி-ஒன், வி-டூ, வி-த்ரீ’ என்கிறார்கள். பெயர் சுருங்கியதே ஒழிய ஒப்பிக்கும் பாரம் சுருங்கவில்லை.

அந்த அட்டவணையின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. மனப்பாடம் செய்யச் சொல்கிறதே என்பதன்று என் புகார். மனப்பாடம் இன்றி எந்தப் பாஷையும் எவருக்கும் வசமானதில்லை. அதன் வரிசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘அபைட், அரைஸ், அவேக்’ என்று, லண்டன் மாநகரிலே குடியிருப்பவனுக்குக்கூட எப்போதாவதுதான் தேவைப்படும் வினைகளை முதலில் நிறுத்தி, நாள்தோறும் நாவில் புரளும் ‘கோ’வையும் ‘ஸீ’யையும் ‘டேக்’கையும் பின்னே தள்ளிவிடுகிறது. அதைவிடப் பெரிய அநியாயம், ஒரே வயிற்றுப் பிள்ளைகளான ‘பிகின்’, ‘டிரிங்க்’, ‘ஸிங்’, ‘ஸ்விம்’ என்ற வினைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருப்பது. கல்யாணப் பந்தியில் வந்தவர்களையெல்லாம் பெயரின் முதலெழுத்துப்படி உட்கார வைத்தால், தகப்பன் ஒரு மூலையிலும் மகன் மறு மூலையிலுமாகப் போய், யார் யாருக்கு என்ன உறவு என்பதே விளங்காமற் போகுமன்றோ? அதுவேதான் இங்கும் நேர்ந்திருக்கிறது. உறவு தெரியாத காரணத்தால், ஒவ்வொரு வினையும் தனித்தனியே முளைத்த விபரீதமாகவும், ஒவ்வொன்றும் மாணவனுக்கென்று விதித்த தனித்தனித் தண்டனையாகவும் தோன்றுகிறது.

‘இர்ரெகுலர்’ என்று இன்று நாம் ஒதுக்கி வைக்கும் இவ்வினைகளிற் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மிகவும் கட்டுப்பாடான விதிகளுக்கு அடங்கி நடந்தவையே. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில், உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டும் வினைகள் ஒரு சாராரும், கடைசியில் டகரத்தைப் போன்ற ஒரு விகுதியை ஒட்டிக் காலம் காட்டும் வினைகள் மற்றொரு சாராருமாக இரு பெரும் வகுப்புகள் இருந்தன. புறத்திலிருந்து யாதோர் உதவியும் வேண்டாமல் தன் உயிரை மாற்றியே காலத்தைத் தெரிவிக்க வல்லதாகையால் முன்னதை வலிய வினை என்றும், விகுதியின் துணையை நாடி நிற்பதால் பின்னதை மெலிய வினை என்றும் பெயரிட்டவர், குழந்தைகளுக்கான கதைத் திரட்டினால் உலகம் முழுவதும் அறியப்பட்டிருக்கும் கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம். 1819-இல் முதற்பாகம் வெளிவந்த அவருடைய ஜெர்மானிய இலக்கணம் இத்துறையில் ஒரு யுகத்தையே தொடங்கி வைத்தது. உயிரெழுத்து மாறும் இந்த வழக்கத்துக்கு ‘ஆப்லவுட்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவரே. பழைய ஆங்கிலத்தின் வலிய வினைகளைப் பண்டிதர்கள் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். அந்த ஏழின் சிதைவுகளைத்தான் நம் பிள்ளைகள் அகரவரிசையில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த உயிர்மாற்றம் ஆங்கிலேயரின் சொந்தக் கற்பனையும் அன்று. ஸம்ஸ்கிருத வியாகரணத்தில் குணம் என்றும் விருத்தி என்றும் பயின்றவர்கள் இதன் சாயலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘வித்’ என்ற தாதுவிலிருந்து, அவன் அறிவான் என்ற பொருளில் ‘வேத’ என்றும், நாம் அறிவோம் என்ற பொருளில் ‘வித்ம’ என்றும் ஸம்ஸ்கிருதத்தில் வரும். அதே தாதுவிலிருந்து ஒருமைக்கு ‘வாட்’ என்றும் பன்மைக்கு ‘விடொன்’ என்றும் பழைய ஆங்கிலத்தில் வந்தன. கங்கைக் கரையிலும் தேம்ஸ் கரையிலும் ஒரே விதமாக உயிர் மாறியதற்கு, இரண்டு பாஷைகளும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே காரணம்.

எச்சங்களின் கதை இதனினும் சுவையானது. ‘புரோக்கன்’, ‘ஸ்போக்கன்’, ‘கிவன்’, ‘டேக்கன்’ என்று இறந்தகால எச்சங்களின் கடைசியில் ஒலிக்கும் அந்த னகரம், ஸம்ஸ்கிருதத்தில் ‘பூர்ண’, ‘ஜீர்ண’, ‘சின்ன’, ‘பின்ன’ என்ற எச்சங்களின் கடைசியில் நிற்கும் ‘ந’ என்னும் பிரத்யயத்தின் உறவினன். நிறைந்தது பூர்ணம், நைந்தது ஜீர்ணம், வெட்டுண்டது சின்னம், பிளவுண்டது பின்னம். கண்ணாடிப் பாத்திரம் கைதவறி விழுந்தால் சின்னாபின்னமாயிற்று என்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் இப்படிப்பட்ட எச்சங்கள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் ‘பின்ன’ என்பதும், கடிபட்டது என்று பொருள்படும் ஆங்கில ‘பிட்டன்’ என்பதும் ஒரே தாதுவிற் பிறந்தவை. அவ்வாறே, ஒழுங்கான வினைகளின் எச்சத்தில் வரும் டகரம், ‘பக்த’, ‘முக்த’, ‘புத்த’ என்பவற்றின் இறுதியில் உள்ள ‘த’ என்ற பிரத்யயத்துக்கு உறவு. விழித்தெழுந்தவர் என்ற பொருளில் போதிமரத்தடி முனிவருக்கு வழங்கும் திருநாமமே ஓர் இறந்தகால எச்சந்தான். கோயில் வாசலில் நிற்கும் பக்தரும் இலக்கணத்தின்படி ஒரு பாஸ்ட் பார்ட்டிசிப்பிளே என்று சொன்னால், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பாடுதல் என்று பொருள்படும் ‘ஸிங்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நான் பாடினேன் என்பதற்கு ‘ஸாங்’ என்றும், நாங்கள் பாடினோம் என்பதற்கு ‘ஸுங்கொன்’ என்றும், பாடப்பட்டது என்னும் எச்சத்துக்கு ‘ஸுங்கன்’ என்றும், இறந்தகாலத்தின் ஒருமைக்கு ஓர் உயிரும் பன்மைக்கு வேறோர் உயிருமாகப் பழைய ஆங்கிலம் வழங்கிற்று. நாளடைவில் ஒருமை பன்மை வேற்றுமை அழிந்து, இரண்டில் ஒன்றே எஞ்சவேண்டிய நிலை ஏற்பட்டபோது, சில வினைகள் ஒருமையின் உயிரைப் பற்றிக்கொண்டன. வேறு சில, பன்மைக்கும் எச்சத்துக்கும் பொதுவாக இருந்த உயிரைப் பற்றிக்கொண்டன. முன்னவை ‘ஸிங், ஸாங், ஸங்’ என்றும் ‘டிரிங்க், டிராங்க், டிரங்க்’ என்றும் மூன்று ரூபங்களோடு நிற்க, பின்னவை ‘ஸ்டிங், ஸ்டங், ஸ்டங்’ என்றும் ‘வின், வன், வன்’ என்றும் இரண்டே ரூபங்களோடு நிற்கின்றன. தேள் கொட்டியதற்கு ஏன் ‘ஸ்டாங்’ என்று சொல்லக்கூடாது என்று வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேட்டால், அதட்டி உட்கார வைக்காமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்லலாம்.

எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்பதும், சவாரி செய்தலைக் குறிக்கும் ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்பதும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. தமிழ் லிபியில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்தின் சங்கடமே தவிர அவற்றின் குற்றமன்று. ‘டிரைவ், டிரோவ், டிரிவன்’ என்பதும் ‘ரைஸ், ரோஸ், ரிஸன்’ என்பதும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. ‘நோ, நியூ, நோன்’ என்ற அறிதல் வினையோடு, வளர்தல், ஊதுதல், எறிதல் ஆகிய பொருள் கொண்ட ‘குரோ’, ‘புளோ’, ‘த்ரோ’ மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றைக் கற்றவனுக்கு மற்ற மூன்றும் இனாம்.

மெலிய வினைகளிலும் ஒழுங்கு கெட்டவைபோலத் தோன்றும் சில குடும்பங்கள் உண்டு. ‘கீப்’ என்பது ‘கெப்ட்’ என்றும், ‘ஃபீல்’ என்பது ‘ஃபெல்ட்’ என்றும், ‘லீவ்’ என்பது ‘லெஃப்ட்’ என்றும் மாறுவதற்குக் காரணம், இரண்டு மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்ததால் அவற்றுக்கு முன்னிருந்த நெடில் குறுகிப்போனதே. தமிழனுக்கு இது புதிதன்று: நோ என்பது நொந்தான் என்றும், வே என்பது வெந்தது என்றும், காண் என்பது கண்டான் என்றும், வா என்பது வந்தான் என்றும் நம்முடைய நெடில்களும் இதே சந்தர்ப்பத்தில் குறுகத்தான் செய்கின்றன. ‘பிரிங்–பிராட்’, ‘திங்க்–தாட்’, ‘பை–பாட்’, ‘டீச்–டாட்’ என்ற குடும்பத்தில், எழுத்தில் மாத்திரம் நின்று வாயில் ஒலிக்காத ‘ஜி’, ‘எச்’ என்ற அந்த இரண்டு எழுத்துகள், முற்காலத்தில் தொண்டையிலிருந்து எழுந்த ஒரு முரட்டு ஒலியின் ஞாபகச் சின்னங்கள். இனி ‘புட்’, ‘கட்’, ‘ஹிட்’, ‘ஷட்’, ‘ஹர்ட்’ என்று மூன்று பத்தியிலும் ஒரே முகத்தோடு நிற்கும் வினைகளைப் பார்த்தால், அவை அத்தனையும் டகரத்தில் முடிவதைக் காணலாம். விகுதியும் டகரம், ஈறும் டகரம். இரண்டும் ஒன்றிலொன்று கரைந்துவிட்டன. அவ்வளவுதான் அவற்றின் ரகசியம்.

உண்மையாகவே உறவற்றது ஒன்று உண்டென்றால் அது ‘வென்ட்’. போதலைக் குறிக்கும் ‘கோ’வுக்கும் அதற்கும் பிறப்பால் யாதொரு சம்பந்தமும் இல்லை. ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலமாக அது இருந்தது. ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘எயோடெ’ என்றோர் இறந்தகாலம் இருந்து, அது வழக்கொழிந்துபோக, அந்தக் காலியிடத்தில் ‘வென்ட்’ வந்து அமர்ந்தது. எச்சத்தில் மட்டும் ‘கான்’ என்ற பழைய குடியானவர் இன்றளவும் தம் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார். இருத்தலைக் குறிக்கும் ‘பீ’ என்ற வினையோ ‘ஆம்’, ‘வாஸ்’, ‘பீன்’ என்று மூன்று தனித்தனித் தாதுக்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை.

இத்தனை பழமையும் ஏன் இந்தச் சில வினைகளில் மாத்திரம் தங்கிற்று என்ற கேள்விக்குத்தான் விசேஷமான விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள பல்லாயிரம் வினைகளில் இவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆயினும் மிக அதிகமாக வழங்கும் பத்து வினைகளைப் பொறுக்கினால், இருத்தல், உடைமை, செய்தல், சொல்லுதல், போதல், எடுத்தல், காணுதல் முதலாகப் பத்தும் இந்த அட்டவணையிலிருந்தே வருகின்றன. 2007-ஆம் ஆண்டில், ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைத் தொகுத்து அவற்றின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்ததில், இடைக்கால ஆங்கிலத்தில் 145-ம் இன்றைய ஆங்கிலத்தில் 98-ம் அதே நிலையில் எஞ்சின. மற்றவையெல்லாம் சாதாரண விகுதியை ஏற்றுச் சாதுவாகிவிட்டன. வழக்கு நூறு மடங்கு குறைந்த வினை பத்து மடங்கு வேகமாகச் சாதுவாகிறது என்பது அவர்கள் கண்ட விதி. நாள்தோறும் காதில் விழும் ரூபத்தைக் குழந்தை மறப்பதற்கு அவகாசமே இல்லை. எப்போதோ விழுவதை மறந்துவிட்டுத் தனக்குத் தெரிந்த பொது விதியைப் பிரயோகிக்கிறது. அப்படி மறந்த தலைமுறைகள் பல சேர்ந்தபோது, உதவுதலைக் குறிக்கும் ‘ஹெல்ப்’ தன் பழைய ‘ஹோல்ப்’, ‘ஹோல்பன்’ இரண்டையும் இழந்தது. 1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில பைபிளில் ‘ஹோல்பன்’ காணக் கிடைக்கிறது; இன்று எந்த ஆங்கிலேயரும் அப்படிப் பேசுவதில்லை.

நம் பாஷையிலும் இது நடந்திருக்கிறது. தனிக்குறிலை அடுத்து வரும் கு, டு, று என்ற ஈறுகள் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டும் என்பது இலக்கணம். புகு என்பது புக்கான், விடு என்பது விட்டான், பெறு என்பது பெற்றான். இவற்றில் விட்டானும் பெற்றானும், தொட்டானும் சுட்டானும் இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்க, புக்கான் என்பவன் மாத்திரம் புகுந்தான் என்று பெயர் மாற்றிக்கொண்டான். நகு என்ற வினையின் நக்கான் என்பதை இன்று யாரேனும் சிரித்தான் என்ற பொருளில் எழுதினால், படிப்பவர்கள் வேறு பொருள் கொண்டு சிரிப்பார்கள்.

ஆனால் இந்த ஓட்டம் ஒரே திசையில் செல்வது என்று எண்ணிவிடக்கூடாது. சாதுவாக இருந்த வினைகள் சகவாச தோஷத்தால் ஒழுங்கு தவறியதும் உண்டு. மணி அடித்தலைக் குறிக்கும் ‘ரிங்’ முதலில் மெலிய வினையாகத்தான் இருந்தது. பக்கத்தில் ‘ஸிங்’ பாடுவதைக் கேட்டுக் கேட்டு, ‘ராங், ரங்’ என்று தானும் ஆரம்பித்துவிட்டது. உடுத்தலைக் குறிக்கும் ‘வேர்’ என்பது, சுமத்தல், கிழித்தல் என்ற பொருளுடைய வினைகளின் ஓசையைப் பார்த்து ‘வோர், வோர்ன்’ ஆயிற்று. அதே 1611 பைபிளில் ‘டிக்ட்’ என்று ஒழுங்காக நின்ற தோண்டுதல் வினை இன்று ‘டக்’. பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய ‘கேட்ச்’ உள்ளூர்க் குடும்பத்தோடு சேர்ந்து ‘காட்’ என்று சொல்லப் பழகியதும் இவ்விதமே. அமெரிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஸ்னீக்’ என்பதற்கு ‘ஸ்னக்’ என்றொரு புதிய ரூபத்தையே உண்டாக்கினார்கள். பழைய அச்சு இன்னமும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சில எச்சங்கள் வினைத் தொழிலை விட்டுவிட்டுப் பெயருக்கு அடைமொழியாக மட்டும் பிழைத்திருக்கின்றன. உருகுதல் வினை இப்போது ‘மெல்டட்’ என்று சாதுவாக நடந்தாலும், எரிமலைக் குழம்பைச் சொல்லும்போது ‘மோல்டன்’ என்ற பழைய எச்சமே வருகிறது. குடித்திருக்கிறான் என்பதற்கு ‘டிரங்க்’, குடிகாரன் என்பதற்கு அடையாக ‘டிரங்கன்’. மூழ்கிய கப்பலுக்கு ‘ஸங்கன்’. ‘காட்டன்’ என்ற எச்சம் இங்கிலாந்தில் பெரும்பாலும் மறைந்து ‘காட்’ என்று குறுகிப்போக, கடல் கடந்து சென்ற குடியேறிகளோ அதை அமெரிக்காவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இன்று அதை அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிக்கும் ஆங்கிலேயர், தாமே ‘ஃபர்காட்டன்’ என்று சொல்வதை மறந்துபோகிறார்.

இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் குழப்பும் நம் பிள்ளைகளுக்கு ஆறுதலாக ஒன்று சொல்வேன். பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஆங்கிலேயரே இதில் திடமாக இருந்ததில்லை. கவி தாமஸ் கிரே கிராமத்து மயானத்தைப் பற்றிப் பாடிய புகழ்பெற்ற இரங்கற்பா 1751-இல் முதன்முதலாக அச்சானபோது, அதன் தலைப்பில் ‘ரிட்டன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ரோட்’ என்றே இருந்தது. 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் என்ற பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப்பாக உயர்ந்தவர், பெரிய பெரிய ஆசிரியர்களின் எழுத்திலிருந்தே இத்தகைய உதாரணங்களைப் பொறுக்கி எடுத்துப் பிழையென்று கண்டித்தார். நாம் இன்று ஒப்பிக்கும் மூன்று பத்தி ஒழுங்கு, பாதிக்குப் பாதி அவரைப் போன்ற இலக்கணக்காரர்களின் கண்டிப்பினால் அமைந்தது என்பதே என் அபிப்பிராயம்.

நிகழ்கால எச்சத்தைப் பற்றி இதுவரை நான் பேசாததற்குக் காரணம், அதில் பேச ஒன்றுமில்லாமைதான். இறந்தகாலத்தில் எவ்வளவு முரண்டு பிடிக்கும் வினையும் நிகழ்காலத்தில் ‘இங்’ என்ற விகுதியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. மூன்று தாதுக்களின் மூட்டையான ‘பீ’ கூட ‘பீயிங்’ என்று அடங்கி நிற்கிறது. எழுத்துக்கூட்டலில் மாத்திரம், ஓடுதலுக்கு மெய் இரட்டிப்பதையும், எழுதுதலுக்குக் கடைசி எழுத்து மறைவதையும், சாதலுக்கும் படுத்தலுக்கும் ஈற்றெழுத்து உருமாறுவதையும் கவனித்தால் போதும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெய்யாகவே இடறும் இடங்கள் இரண்டு. ‘டிட்’ என்பதே காலத்தைக் காட்டிவிட்ட பிறகு ‘டிட் வென்ட்’ என்று மறுபடியும் காலம் காட்டுவது ஒன்று. ‘ஹாவ்’ என்பதற்குப் பின் மூன்றாம் பத்திக்குப் போகாமல் இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிடுவது மற்றொன்று. பின்னதற்குத் தமிழே கைகொடுக்கும். எழுதினேன் என்பதற்கும் எழுதியிருக்கிறேன் என்பதற்கும் உள்ள பேதத்தைக் குழந்தை பேசும்போதே அறிந்திருக்கிறது. எழுதி என்ற எச்சத்தோடு இரு என்ற துணைவினை சேரும் இடங்களிற் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மூன்றாம் பத்தியே வரும் என்று சொல்லிக்கொடுத்தால், இலக்கணப் பெயர் ஒன்றும் இல்லாமலே விஷயம் விளங்கிவிடும்.

ஆகையால், ஆங்கிலம் போதிக்கும் ஆசிரியர்களுக்கும், மாலை வேளைகளில் பிள்ளைகளோடு உட்காரும் தாய் தந்தையர்க்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்: புத்தகத்தின் கடைசியில் உள்ள அந்த அட்டவணையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் திருத்தி எழுதுங்கள். நாள்தோறும் வழங்கும் முப்பது நாற்பது வினைகளை முதலில் வையுங்கள். அவற்றை ஸிங் வீடு, ரைட் வீடு, நோ வீடு, கீப் வீடு, பிரிங் வீடு, புட் வீடு என்று குடும்பவாரியாகச் சேருங்கள். ‘கோ’வையும் ‘பீ’யையும் தனியே நிறுத்துங்கள். ‘அபைட்’ முதலிய அபூர்வங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அவற்றுக்கு அவசரமில்லை.